நாலு வீட்டுக்கு ஒரு அத்தி

கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி முதலாளி கேட்டார். நான் நாலு வார்த்தையோடு நிறுத்துகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால், "வசந்தாம்மா, பேச வேணாம், எழுதிக் குடுத்துடுங்க, அவங்க சாப்பாட்டு நேரத்துல படிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். விவரமான ஆள்.

எந்தக் குச்சிக்கு எந்த மருந்து, எப்போது தண்ணீர், எத்தனை நாள் மூடாக்கு என்பதெல்லாம் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை எழுதினதும் நான்தான், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் இந்தத் திருமழிசை நர்சரியில் குச்சி வெட்டி, வேர் பிடிக்கவைத்து, வெயிலுக்குப் பழக்கி, லாரி ஏற்றி அனுப்பினவள் நான். ஆனால் இப்போது சொல்லப்போகிற தப்புகளை நான் இங்கே செய்யவில்லை. ஓய்வு பெற்றபிறகு, அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் என் சொந்த வீட்டில், யாரும் மேற்பார்வை பார்க்காத இடத்தில் செய்தேன். அதுவும் பன்னிரண்டே பன்னிரண்டு குச்சியில்.

ஒரு மாசி மாதக் காலையில் ஸ்கூட்டரில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து இறங்கினார்கள். அவர் பெயர் துரைப்பாண்டி, ஆவடிப் பக்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அந்த அம்மாள் பெயர் பிரேமா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறார்கள். ஈரச் சாக்கில் சுருட்டிய ஒரு கட்டை என் கையில் கொடுத்தார். உள்ளே அத்திக் குச்சிகள். நாட்டு அத்தி இல்லை. கடையில் காயவைத்து மாலை மாதிரி கோத்து விற்கிறார்களே, அந்தச் சீமை அத்தி.

"நர்சரியில உங்க வீட்டு அடையாளம் சொல்லி அனுப்பினாங்கக்கா. இது எங்க மரத்துக் குச்சி. எனக்கு நாலு கன்னு வேணும்" என்றார்.

"நாலா? பன்னெண்டு குச்சி கீதே சார். நாலு இன்னா, எட்டா வாங்கினு போங்க" என்றேன்.

"எட்டு வேண்டாம்க்கா. நாலு போதும். ஆனா நாலு வேணும்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் இருந்தது கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு வீடு உள்ள ஒரு பழைய கட்டடம். அந்த மரத்தை நட்டவர் துரைப்பாண்டி. ஆனால் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி வளர்த்தது நாலு வீடும். பழம் பழுத்தால் ஒரு தட்டில் வைத்து நாலு வீட்டுக்கும் சுற்றி வருமாம். இப்போது கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். ஆனி பிறப்பதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். ஒருத்தர் சேலம் போகிறார், ஒருத்தர் வேலூர், ஒருத்தர் தஞ்சாவூர், இவர்கள் நெமிலிச்சேரியில் கட்டின சின்ன வீட்டுக்கு. வீட்டுக்கு ஒரு கன்று தருவதாக அவர் மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட லெட்டர் எழுதிக் கேக்கணும்க்கா. அங்க எங்களோடதுன்னு இருந்தது அந்த மரம் ஒண்ணுதான்" என்றார்.

பிரேமா தன் பங்குக்குச் சொன்னாள்: "இவரு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டாருக்கா. இனி கன்னு இல்லன்னா அவங்க மூஞ்சில நாங்க எப்பிடி முழிக்க?"

"இதெல்லாம் ஒரு விஷயமா? என் கிட்ட குட்த்துட்டீங்க இல்ல, போய் நிம்மதியா தூங்குங்க" என்றேன். என் முதல் தப்பு அது. குச்சியைத் தொடுவதற்கு முன்பே, வாயால் செய்த தப்பு.

பன்னிரண்டில் இரண்டு முதல் வாரத்திலேயே அடி கறுத்து அழுகிப்போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை, அத்தியில் அது நடக்கிறதுதான். மீதிப் பத்தும் சமையலறை ஜன்னல் ஓரத்தில் பாலிதீன் மூடாக்குக்குள் மூன்றாவது வாரம் பச்சைப்பசேல் என்று இலை விட்டன. அத்திக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குச்சிக்குள் இருக்கிற தெம்பிலேயே இலை விட்டுவிடும், வேர் அப்புறம்தான் வரும். இலையைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்புகிறவள் ஏமாந்துபோவாள். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கெட்டேன்.

நம் கொட்டகையில் எப்படிப் பார்ப்போம்? ஒரு வரிசையில் நூறு குச்சி இருக்கும். மூலையில் இருக்கிற ஒன்றை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்ப்போம். பிடிப்பு இருந்தால் நூறும் தேறிவிட்டது என்று அடுத்த கொட்டகைக்கு அனுப்பிவிடுவோம். இழுத்தது போனால் போகட்டும், நூறில் ஒன்று போனது யாருக்குத் தெரியப்போகிறது? முப்பத்தொரு வருஷம் இப்படி இழுத்த விரல். வீட்டிலும் சும்மா இருக்குமா?

ஒன்றை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் இரண்டு வெள்ளை வேர், வேகவைத்த சேமியா மாதிரி அறுந்து தொங்கியது. சரி, இது இளம் வேர், மற்றது எப்படியோ என்று இன்னொன்றை இழுத்தேன். அதுவும் போச்சு. இரண்டை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாதே என்று மூன்றாவதையும் இழுத்தேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போமே, அங்கே லேத் ஓட்டி ஓய்ந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மே, அது பாட்டுக்கு கம்முனு கீது. நீ ஏன் அத்த நோண்டிக்கினே கீற?" என்றார்.

"உங்க வேலையப் பாருங்க" என்றேன். ஆனால் உள்ளே எனக்குப் பயம் வந்துவிட்டது. நூறில் ஒன்று போவது வேறு, பத்தில் மூன்று போவது வேறு. அந்தப் பத்துக்கும் பின்னால் நாலு வீடு காத்திருந்தது.

வேலை முடிந்ததும் துரைப்பாண்டி வாரத்துக்கு இரண்டு தரம் எட்டிப்பார்ப்பார். அன்றும் வந்தார். மூன்று குறைந்ததைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்க்கா, வேரு வந்துச்சான்னு பாக்கத்தானே இழுத்தீங்க? கண்ணாடி மாதிரி டம்ளர்ல வச்சா இழுக்காமலே தெரியுமே?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், முப்பத்தோரு வருசமா குச்சி வச்சவ நானு. நீங்க இன்னைக்கு வந்து எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் ஜூஸ் கடையில் தருகிற மாதிரி தெளிவான பிளாஸ்டிக் டம்ளர் ஏழு கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் சுற்றி எட்டுத் துளை. எட்டும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஃபிட்டர் என்றால் ஃபிட்டர்தான்.

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேதான் ஏழு குச்சியையும் அதில் மாற்றினேன். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் டம்ளரைச் சுற்றிப் பேப்பர் சுற்றி வைத்தேன். மாற்றினதில் இரண்டு வாடிப்போயின. மீதி ஐந்தில், பத்து நாள் கழித்துப் பேப்பரை அவிழ்த்தபோது, டம்ளர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாய் வேர் ஓடியிருந்தது. யாரும் எதையும் இழுக்கவில்லை. நான் அசந்துபோனேன். இத்தனை வருஷத்தில் வேர் ஓடுவதை நான் பார்த்ததே இல்லை, விரலால் இழுத்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதை வெளியில் நின்று பார்க்கிற ஒருத்தர் யோசித்தார், நான் யோசிக்கவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். "அட போங்கக்கா" என்று வெட்கப்பட்டார்.

சித்திரையில் ஒரு நாள் காலை பிரேமா போன் பண்ணினாள். குரல் சரியில்லை. இரண்டு வீடு காலியானதும் வேலையைத் தொடங்கிவிட்டார்களாம், முதலில் மரத்தை எடுத்துவிட்டார்களாம். "இவரு காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடலக்கா. அந்தக் குழியவே பாத்துக்கிட்டு நிக்காரு" என்றாள்.

"கவலப்படாத. அஞ்சு கீது என் கிட்ட. நாலு தான வேணும்" என்றேன். மறுபடியும் வாய். இனி வெட்டிக்கொள்ள மரம் கிடையாது என்று தெரிந்தபிறகும் வாய் அடங்கவில்லை.

அடுத்த போனில் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மேல் வீட்டு மல்லிகா குடும்பம் மட்டும்தான் இன்னும் பக்கத்தில் இருக்கிறது, அவர்களும் வெள்ளிக்கிழமை சேலம் கிளம்புகிறார்கள். அவர்கள் கன்றை அதற்குள் கொடுத்துவிட முடியுமா?

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மூடாக்குக்குள் வளர்ந்த செடி, வெயிலையே பார்க்காத இலை. நம் நர்சரியில் அதை மூன்று கொட்டகையில் மாற்றி மாற்றி வைத்து மூன்று வாரம் பழக்குகிறோம். "இல்லம்மா, இன்னும் ஆகலை, போகும்போது வெறுங்கையோட போகச் சொல்லு, அப்புறம் அனுப்பலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மரம் போன வீட்டிலிருந்து ஒரு பெண் தயங்கிக் கேட்கிறாள். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "தாராளமா" என்றேன்.

ஐந்தையும் மண் நிரப்பின கறுப்பு பிளாஸ்டிக் கவருக்கு மாற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். மேலே நிழல்வலை கட்டினேன். மூன்று வாரத்து வேலையை நாலு நாளில் முடிக்கப் பார்த்தேன். கத்திரி வெயில் வேறு. முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் பூந்தமல்லியில் ஒரு சீமந்தம், போய்விட்டு நாலு மணிக்கு வந்து மாடி ஏறினேன்.

நாலு செடியின் இலையும் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. தொட்டால் நொறுங்கியது. செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன், தரை உள்ளங்காலைச் சுட்டது. அப்போதுதான் கவரைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே மண் கொதித்துப்போயிருந்தது.

மேலே நிழல் கட்டினேனே தவிர கீழே என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. நம் நர்சரியில் கவரெல்லாம் மண் தரையில் நிற்கிறது, மண் தரை இப்படிச் சுடாது. சிமென்ட் தளம் காலையிலிருந்து வாங்கின சூட்டைச் சாயங்காலம் வரை அடியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐந்தாவது செடி உயிரோடு இருந்தது. வலைக்குக் கீழே தரையில் இடம் போதாமல், அதை மட்டும் அங்கேயே கிடந்த, வடகம் காயவைக்கிற பழைய மரப்பலகை மேல் வைத்திருந்தேன். அதே வெயில், அதே வலை, அதே கவர். நடுவில் ஒரு பலகை.

இனிமேல் சொல்லப்போவது சொல்லக் கூசுகிற விஷயம். உங்களுக்கும் ஒரு நாள் இந்தச் சபலம் வரும் என்பதால்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்துத் திருமழிசை வந்தேன். கொட்டகையில் சீமை அத்தி வரிசையாக நின்றது. முதலாளியிடம் மூன்று செடி கேட்டேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை, எடுத்துக்கோங்க வசந்தாம்மா என்றார். என் ஒன்றோடு சேர்த்து நாலு ஆகிவிடும். உயரம் பார்த்துப் பொறுக்கினேன். இலை வெட்டுகூடக் கிட்டத்தட்ட அதேதான். யாருக்கும் தெரியாது. பழம் வர இரண்டு வருஷம் ஆகும், வந்தாலும் மண் மாறினால் ருசி மாறும் என்று சொல்லிவிடலாம். பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸில் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் துரைப்பாண்டி வந்தார். வாசலில் வரிசையாக நாலு செடி நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். "நாலும் பொழச்சிருச்சுக்கா!" என்று கத்தினார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்து, அது சாயப்போய்ப் பிடித்துக்கொண்டார். உடனே மல்லிகா வீட்டுக்குச் சொல்ல போனை எடுத்தார்.

"சார், போன் பண்ணாதீங்க" என்றேன்.

"ஏன்க்கா?"

"இந்த மூணும் உங்க மரம் இல்ல."

எடுத்த போனைக் கீழே இறக்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தளத்துச் சூடு, சீமந்தம், பஸ், நர்சரி, எல்லாம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வேலையில் நான் அழுததே இல்லை. ஏழுமலை உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

துரைப்பாண்டி கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வரிசையின் கடைசியில் இருந்ததன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அப்ப இது?" என்றார்.

"இது உங்களுது. சத்தியமா உங்களுது."

கவரைத் திருப்பித் திருப்பி இலையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சரிக்கா. மூணையும் திருப்பிக் குடுத்துருங்க. மல்லிகாக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இத மட்டும் பாப்போம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மல்லிகா குடும்பம் வெறுங்கையோடுதான் சேலம் போனது. அவரே ஸ்டேஷன் வரைக்கும் போய், ஒன்றுதான் தேறியிருக்கிறது என்று சொல்லி வழியனுப்பினாராம். மற்ற இரண்டு வீட்டுக்கும் போனில் சொன்னாராம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கடகடவென்று சத்தம். துரைப்பாண்டி ஒரு சின்னத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நிற்கிறார். இரும்பு ஆங்கிளில் சட்டம், மேலே மரப்பலகை, தரையிலிருந்து முழ உயரம், எஸ்டேட் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பேரிங்கில் நாலு சக்கரம். ஓய்வுக்கு முன்னால் மிச்சமிருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஏழுமலை வெளியே வந்து பார்த்தார். "இன்னா நைனா, செடிக்கு காரு வாங்கினு வந்துகீற? இத்தினி வருசமா எனக்கு ஒரு சைக்கிளுக்கு வழியில்ல" என்றார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

மாடியை விட்டுவிட்டோம். வீட்டின் கிழக்குப் பக்கச் சந்தில் காலை வெயில் கொஞ்சம் விழும். முதல் நாள் கால்மணி நேரம் வெயிலில் வண்டியைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே இழுத்தோம். அப்புறம் அரைமணி. அப்புறம் ஒரு மணி. கொட்டகை கொட்டகையாகச் செடியை மாற்றுகிற வேலையை அந்த வண்டி பத்தடிக்குள் செய்தது. அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். எங்களுக்குள் தினமும் சண்டைதான். போதும் என்பார், போதாது என்பேன்.

ஒரு நாள் பத்து மணி வெயிலில் இலையெல்லாம் தொய்ந்து தொங்கிவிட்டது. அவர் பதறிப்போய்ச் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது. அப்படியானால் இது தாகம் இல்லை, வெயிலுக்குக் கூசுகிறது. ஈர மண்ணில் மறுபடி ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

"தண்ணி ஊத்தலன்னா செத்துரும்க்கா!"

"ஊத்தினா செத்துடும். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"உறுதியாச் சொல்லுதீங்களா?"

மாசி மாதத்து வசந்தாவாக இருந்தால் "நான் கீறேன், கவலப்படாதீங்க" என்றிருப்பேன். இந்தத் தடவை, "உறுதியாச் சொல்ல முடியாது சார். எனக்கு அப்படித்தான் தோணுது" என்றேன். நிழலுக்கு இழுத்துவிட்டு இரண்டு பேரும் மதியச் சாப்பாடு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு ஓர் இலை நிமிர்ந்தது. அப்புறம் மற்றதும். அவர் செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று தானே குடித்தார்.

உங்களுக்கு இதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி. வாங்குகிறவர்களிடம் உறுதி சொல்லிச் சொல்லி நமக்கு நாக்கு பழகிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

வைகாசிக் கடைசியில் அவர்கள் நெமிலிச்சேரிக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றின டெம்போவில் முன்சீட்டில் பிரேமா உட்கார்ந்தாள், அவள் மடியில் அந்தச் செடி. காம்பவுண்டு ஓரத்தில் மண்ணில் வைத்தார்கள். மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நின்றபோது துரைப்பாண்டி மண்வெட்டியோடு நின்று வடித்துவிட்டாராம்.

தை கடைசியில் போன் வந்தது. "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒரு வேலை இருக்கு" என்றார்.

ரயிலில் போய் இறங்கினேன். செடி என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. மூன்று கிளை, கட்டைவிரல் கனம். ஒரு கிளையின் நுனியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாய் நாலைந்து பிஞ்சு. எனக்கு வயிறு குளிர்ந்தது. துரைப்பாண்டி புதிதாக வாங்கின கத்தரியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"வெட்டணும்க்கா. குச்சி எடுக்கணும்."

"வெளையாடுறீங்களா? இன்னும் ஒரு வருசம்கூட ஆகல. பிஞ்சு வேற கீது. இப்ப முழங்கால் உயரத்துக்கு வெட்டினா துளிர்க்கலாம், துளிர்க்காமயும் போலாம். அடுத்த தை வரைக்கும் பொறுங்க, தாராளமா வெட்டலாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "மூணு வீட்டுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இந்த எட்டு மாசத்துல ஒருத்தரு ஒரு வார்த்த கேக்கலக்கா. போன் பண்ணுதாங்க, பிள்ளைகளப் பத்திப் பேசுதாங்க, அத்தியப் பத்தி மட்டும் கேக்க மாட்டேங்காங்க. நான் வருத்தப்படுவேன்னு கேக்காம இருக்காங்க. அவங்க கேட்டுட்டாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது."

"செத்துப்போச்சுன்னா?"

"செத்தா நாலு வீட்டுக்கும் சேத்துச் செத்துச்சுன்னு இருக்கட்டும். என் வீட்டுல மட்டும் பொழச்சு நின்னா அது எனக்கு வேண்டாம்."

நான் கத்தரியை வாங்கினேன். எத்தனையோ ஆயிரம் குச்சி வெட்டின கை. கிளையில் வைத்துவிட்டு அழுத்த முடியாமல் நின்றேன். அவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். "எங்கன வெட்டணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கணுவைத் தொட்டுக் காட்டினேன். டக். இன்னொரு கணு. டக். பிஞ்சோடு இருந்த கிளையையும்தான். வெட்டும்போது அவர் செடியைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டுக் குச்சி தேறியது. இந்தத் தடவை எட்டையும் என் ஜன்னலுக்கு நான் கொண்டுபோகவில்லை. ஒரே கையில் எல்லாம் இருந்தால் அந்தக் கை செய்கிற ஒரு தப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும். வீட்டுக்கு இரண்டாக ஈரத்துணியில் சுற்றி சேலத்துக்கும் வேலூருக்கும் தஞ்சாவூருக்கும் கூரியரில் அனுப்பச் சொன்னேன். துரைப்பாண்டி கூடவே துளை போட்ட டம்ளரும் வைத்தார். எப்படி வளர்ப்பது என்று நான் பேசிப் பதிவு பண்ணி அனுப்பினேன். நெமிலிச்சேரியில் வெட்டின கட்டையிலிருந்து பங்குனி பாதியில் துளிர் வந்தது. மல்லிகா வீட்டில் ஒன்று பிழைத்தது. வேலூரில் இரண்டும் பிழைத்தன. தஞ்சாவூரில் ஒன்று அழுகிவிட்டது, மற்றது வேர்விட்டு, இப்போது சாயங்கால வெயிலுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நாலு வீடும் இப்போது அத்தியைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று பிரேமா அலுத்துக்கொள்கிறாள்.

ஆனால் வெட்டின அன்றைக்கு நடந்ததை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. மூன்று பொட்டலம் கட்டினதும் இரண்டு குச்சி மிச்சம் இருந்தது. இது உங்க வீட்டுப் பங்கு, பத்திரமா வையுங்க என்று பிரேமாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அவளே ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து அந்த இரண்டையும் சுற்றி என் பைக்குள் வைத்தாள்.

"எங்களுக்குத்தான் மரமே நிக்கே. இது உங்க வீட்டுக்குக்கா."

"எனக்கா? நாலு வீட்டுக்குன்னுதானே பேச்சு?"

"இப்ப அஞ்சு வீடு" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் செடி கொடுத்துக்கொண்டே இருந்தவள் நான். எனக்கென்று யாரும் ஒரு செடி கொடுத்ததில்லை, நானும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. திரும்பி வருகிற ரயிலில் உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் யாராவது பையின் மேல் சாய்ந்துவிடுவார்களோ என்று பயந்து, அம்பத்தூர் வரைக்கும் நான் நின்றுகொண்டே வந்தேன்.